பாடசாலையில் ‘பூச்சிய சகிப்பு’ ஒழுக்கக் கோவை: எந்த வரி நிற்கும், எந்த வரி விழும்?

வடலி:
யாழ். மாவட்டப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு வரைபு வருது. தலைப்பு ‘பூச்சிய சகிப்பு ஒழுக்கக் கோவை’, அதாவது எந்தத் தவறுக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை எண்ட விதித் தொகுப்பு. தரம் 6 முதல் 13 வரை எல்லாருக்கும் ஒரே விதி. சாரம் இதுதான்:

(அ) கைத்தொலைபேசி பிடிபட்டால் பறிமுதல், திருப்பித் தரப்படாது, இரண்டு கிழமை இடைநிறுத்தம்.
(ஆ) போதைப்பொருள், மாத்திரை எதுவாயினும் வைத்திருந்தால் உடனடியாக நீக்கம்.
(இ) சண்டை எண்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்டனை. ஆர் தொடங்கினது எண்டு விசாரிக்கப்படாது.
(ஈ) மேன்முறையீடு இல்லை. பெற்றோர் முன்கூட்டியே சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டும்.

நல்லதோ கூடாதோ எண்டு பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சொல்லை வெட்டி எதைப் போடவேணும் எண்டு சொல்லுங்கோ.

முற்றவெளி:
கடைசி வரியில இருந்து வாறன், ஏனெண்டால் மற்ற மூண்டும் அதிலதான் சாய்ஞ்சு நிக்குது.

அரச பாடசாலை அதிபர் எடுக்கிற முடிவு நிர்வாகச் செயல். அரசியலமைப்பின் 12(1) (சமத்துவம்), 11 (கொடூரமான, இழிவான நடத்துகை கூடாது) ஆகிய உறுப்புரைகள் அந்த முடிவுக்கும் பொருந்தும். பெற்றோர் அனுமதி நேரம் ஒரு தாளில கையெழுத்து வைச்சதால பிள்ளையின்ர உரிமை கரைஞ்சு போகாது. அந்த உரிமை தகப்பன்ர சொத்தில்லை, விட்டுக்கொடுக்கிறதுக்கு. ஆகவே (ஈ) நீதிமன்றத்தில ஒரு நாளும் நிக்காது. அதைவிட மோசம், ‘கேட்காமலே தண்டிப்போம்’ எண்டு பாடசாலையே எழுத்தில ஒப்புக்கொண்ட ஆவணமாக அது எதிர்ப்பக்கத்துக்குப் போகும்.

அடுத்தது வயது. கட்டாயக் கல்வி வயது 1997இல 5 முதல் 14 எண்டு இருந்து, 2016இல 16 வரை கூட்டப்பட்டது. தரம் 10 பிள்ளையை ‘உடனடியாக நீக்கம்’ எண்டு வெளியில விட்டால், அந்தப் பிள்ளை எங்க படிக்கிறது எண்ட கேள்விக்கு வலயக் கல்விப் பணிப்பாளர் பதில் சொல்லவேணும். வேறு பாடசாலையில இடம் எடுத்துக் குடுக்காமல் நீக்கினால் அரசு தன்ர கடமையைத் தானே உடைக்குது.

பனங்காய்:
சட்டம் எல்லாம் சரி. பாடசாலை மதிலுக்கு வெளியில மாவா எண்ட போதைப்பாக்கும் மாத்திரையும் கைமாறுது. உள்ளுக்கு ஒருத்தன் கொண்டுவந்தால் ஒரு வகுப்பே கெட்டுப்போகும். அடிக்கவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது எண்டால் ரீச்சர்மார் என்ன, பூசை வைச்சுக் கும்பிடுறதோ? ‘சகிக்க மாட்டம்’ எண்டு ஒரு பாடசாலை சொல்லுறதில என்ன பிழை?

கறுத்தக்கொழும்பான்:
பனங்காய் கேட்கிறதில நியாயம் இருக்கு. ஆனால் அதில இரண்டு விசயம் ஒண்டாக் குழம்பிக் கிடக்கு. ‘எந்தச் சம்பவத்தையும் பார்க்காத மாதிரிப் போகமாட்டம்’ எண்டது ஒண்டு. ‘எந்தச் சம்பவத்துக்கும் ஒரே தண்டனை’ எண்டது வேறொண்டு. முதலாவதை ஆரும் எதிர்க்கேல்லை. கோவைக்குள்ள சிக்கல் எல்லாம் இரண்டாவதாலதான்.

உந்தச் சொல் வந்த இடத்தையும் பாருங்கோ. அமெரிக்காவில 1994ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி கொண்டுவந்த மாணவனை ஒரு வருடம் விலக்கச் சொன்னது. துப்பாக்கி! அதிலகூட, கல்வி நிர்வாகத் தலைவர் ஒவ்வொரு சம்பவமாகப் பார்த்துத் தண்டனையை மாற்றலாம் எண்டு இடம் விட்டிருக்கு. பேந்து வந்த பாடசாலையள் ஒவ்வொரு சம்பவமாகப் பார்க்கிற அந்த இடத்தை விட்டிட்டு, போன், மாத்திரை, சண்டை எண்டு பட்டியலை மட்டும் நீட்டிச்சினம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் செயற்குழு 2008இல வெளியிட்ட மீளாய்வு, உந்த முறையால பாடசாலை பாதுகாப்பானது எண்டதுக்கு ஆதாரம் இல்லை எண்டு முடிச்சுது. அங்கயே கேள்விக்குள்ளானதை நாங்கள் இஞ்ச புதுசாத் தொடங்கிறம்.

இனி (இ). ‘ஆர் தொடங்கினது எண்டு விசாரிக்கப்படாது’ எண்ட வரியை முதல்ல வெட்டுங்கோ. அடிவாங்கி, தலையை மூடிக்கொண்டு தள்ளிவிட்ட பிள்ளைக்கும் அதே தண்டனை எண்டால், அடுத்தமுறை அவன் ரீச்சரிட்டச் சொல்லமாட்டான். சொன்னால் தனக்கும் தண்டனை எண்டு தெரியும். பகிடிவதை, மிரட்டல் எல்லாம் நிலத்துக்குக் கீழ போகும். பகுதித் தலைவருக்குத் தகவல் வராது. தகவல் வராத பாடசாலையில சண்டை குறைஞ்ச மாதிரி ஏட்டில தெரியும், அவ்வளவுதான்.

செம்பாட்டுமண்:
(ஆ) பற்றி. ‘மாத்திரை எதுவாயினும்’ எண்டால் வலிப்பு மாத்திரை, மாதவிடாய் வலிக்குக் குடுத்த மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் உள்ளுக்கு வரும். பிரிகபலின் இஞ்ச போதைக்குப் பாவிக்கினம், ஆனால் நரம்பு வலிக்கு வைத்தியர் எழுதுற மருந்தும் அதுதான். மருந்தும் போதையும் ஒரே அட்டையில இருக்கேக்கை ‘எதுவாயினும்’ எண்ட சொல் பொறி மாதிரி. செய்யக்கூடியது: மருந்து எடுக்கிற பிள்ளையளின்ர விபரம், வைத்தியக் குறிப்பின் பிரதி, வகுப்பாசிரியரிட்ட ஒரு கோப்பில இருக்கவேணும். நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் கொண்டுவரலாம் எண்டு எழுதுங்கோ.

சோதனை விசயத்திலதான் அதிகம் பிழை நடக்குது. ஒழுங்காகச் செய்யிறதெண்டால்:

தனிய ஒரு ஆசிரியர் சோதிக்கக்கூடாது, இரண்டு பேர் வேணும். பெண் பிள்ளையெண்டால் இரண்டு பேரும் பெண் ஆசிரியர்மார். வகுப்புக்கு முன்னால புத்தகப் பையைக் கவிழ்க்கிறதில்லை. பிள்ளையே தன்ர கையால பொருளை எடுத்து மேசையில வைக்கட்டும். உடுப்புக்குள்ள கை வைக்கிறது, உடுப்பைக் கழட்டச் சொல்லுறது அறவே இல்லை. அப்பிடிச் சந்தேகம் இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவுக்கு அறிவிக்கவேணும். அமெரிக்காவில 13 வயது மாணவியை உள்ளாடை வரை சோதிச்சது வலி மாத்திரைக்காக. 2009இல அந்த நாட்டு உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் எண்டு சொன்னது.

சந்தேகப் பொருள் கிடைச்சால் மணந்து பார்க்கிறது, நாக்கில வைக்கிறது, கழிவறையில கொட்டுறது எதுவும் செய்யாதேங்கோ. கடித உறையில போட்டு, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே இரண்டு ஆசிரியரும் ஒப்பமிட்டு, நேரத்தைக் குறிச்சு, அதிபரின்ர அலுமாரியில பூட்டி, பொலிஸ் வரேக்கை கைமாறினதுக்கு எழுத்து வாங்கவேணும். ஒரு ஆசிரியர் தன்ர சேட் பையில போட்டுக்கொண்டு வீட்ட போனால், அந்த நேரம் முதல் அது அவர் வைச்சிருந்த பொருள்.

பனங்காய்:
அது சரியான புள்ளி. பாக்கெட்டில வைச்சுக்கொண்டு அதிபர் அறைக்கு நடக்கிறது எல்லாரும் செய்யிறதுதான்.

ஆனால் போன்? அதுக்கு என்ன மருந்துச் சீட்டு?

கறுத்தக்கொழும்பான்:
போனை எடுத்து வைக்கலாம். ‘திருப்பித் தரப்படாது’ எண்டது செல்லாது. அது தகப்பன் தவணை கட்டி வாங்கின பொருள். பாடசாலைக்கு அதைப் பாதுகாக்கிற பொறுப்பு வருமே ஒழிய உரித்து வராது.

எடுக்கிற உடனை ஒரு சிட்டை எழுதுங்கோ. வகை, நிறம், திரையில வெடிப்பு இருக்கா இல்லையா, சிம் உள்ளுக்கு இருக்கா, எடுத்த நேரம், எடுத்தவர், பிள்ளையின்ர ஒப்பம். ஒரு பிரதி பிள்ளைக்கு. திரை வெடிப்பை எழுத மறந்தால் பேந்து பெற்றோர் ‘நீங்கள் உடைச்சது’ எண்டு வருவினம், வந்தால் பதில் இல்லை. போனை நிப்பாட்டி, உறைக்குள்ள வைச்சு, எத்தினையாம் திகதி ஆர் வந்தால் குடுக்கப்படும் எண்டு சிட்டையிலேயே இருக்கவேணும்.

பூட்டைத் திறக்கச் சொல்லிப் படங்களைப் பார்க்கிறது, குறுஞ்செய்தி வாசிக்கிறது ஒழுக்காற்று வேலை இல்லை.

முற்றவெளி:
அதோட ஒரு கடும் எச்சரிக்கை. ஒரு பிள்ளையின்ர ஆபாசப் படம் ஒண்டு சுத்துது எண்டு சந்தேகம் வந்தால், ‘சாட்சிக்கு’ எண்டு தன்ர போனுக்கு அனுப்பிற ஆசிரியர் ஒருத்தர் எப்பவும் இருப்பார். தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவு அப்பிடியான படத்தை வைச்சிருக்கிறதையும் குற்றமாக்குது. நல்ல நோக்கம் எண்டு சொல்லிக்கொண்டு பொலிசுக்குப் போகவேண்டி வரும். போனை நிப்பாட்டி உறையில போட்டுப் பொலிசிட்டக் குடுங்கோ. ஆரும் பார்க்கவேண்டாம், அதிபர் உட்பட.

ஓலைப்பாய்:
வரைபில அடி இல்லை. ஆனால் நடைமுறையில முடி வெட்டுறது, வெய்யிலில முழந்தாளில விடுறது, காலைக்கூட்டத்தில பேர் சொல்லி நிறுத்துறது இருக்கு. அதுகள் ‘உடல் தண்டனை’ இல்லை எண்டு சிலர் வாதாடுகினம்.

முற்றவெளி:
கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம் உடல் தண்டனையைத் தடை செய்யுது. சுற்றுநிருபம்தானே எண்டு அலட்சியமாக விடுற ஆக்கள் 2021 பெப்ரவரியில உயர் நீதிமன்றம் குடுத்த தீர்ப்பைப் பார்க்கவேணும். தென்மாகாணப் பாடசாலை ஒன்றில 2017இல ஆசிரியர் அறைஞ்சதால 15 வயது மாணவனின்ர காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. உறுப்புரை 11 மீறப்பட்டது எண்டு தீர்ப்பு. நட்டஈடு: ஆசிரியர் தன்ர காசில 150,000 ரூபா, அரசு 500,000 ரூபா. ‘திருத்தத்தானே அடிச்சன்’ எண்ட பதில் எடுபடேல்லை.

உறுப்புரை 11இல ‘இழிவான’ எண்ட சொல் இருக்கு. முடியைப் பாதி வெட்டி மற்றப் பாதியோட வீட்டுக்கு அனுப்பிறது அந்தச் சொல்லுக்குள்ள வருமா எண்டு வாதாடத் தேவையே இல்லை. காயம் இல்லாட்டியும் வரும். இதைவிடக் குற்றவியல் பக்கமும் இருக்கு: 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைஞ்சவரைப் பராமரிக்கிற பொறுப்பில இருந்துகொண்டு கொடுமைப்படுத்தினால் 2 முதல் 10 வருடச் சிறை. தனியார், சர்வதேசப் பாடசாலை எண்டாலும் இந்தப் பிரிவு பொருந்தும். அடிப்படை உரிமை மனுதான் அரச செயலுக்கு மட்டும்.

அடிபட்ட பிள்ளையெண்டால் வைத்தியசாலையில ‘விழுந்தவன்’ எண்டு சொல்லவேண்டாம். சேர்க்கேக்கை சொல்லுற காரணம் கட்டிலோரத் தாளில ஏறும், சட்ட வைத்திய அதிகாரி பேந்து எழுதுறது அதை ஒட்டித்தான். முதல் நாள் மானத்துக்குப் பயந்து சொன்ன ‘விழுந்தவன்’ ஆறு மாதத்துக்குப் பிறகு வழக்கைச் சாய்க்கும்.

செம்பாட்டுமண்:
வரைபில இல்லாத, ஆனால் நடைமுறையில கூடுதலாக நடக்கிற ஒண்டு இருக்கு. இஞ்ச ‘நீக்கம்’ எண்டு எழுதி நீக்கிறது குறைவு. பெற்றோரைக் கூப்பிட்டு, அதிபர் அறையில கதிரையில இருத்தி, “பிள்ளையின்ர எதிர்காலத்துக்கு நாங்கள் ஒண்டும் எழுதேல்லை, நீங்களே சொந்த விருப்பத்தில விடுகைப் பத்திரம் கேட்டு ஒரு கடிதம் தாங்கோ” எண்டு சொல்லுறது. தாய் அழுது போட்டுக் கையெழுத்து வைப்பா. ஏட்டில பார்த்தால் நீக்கமே இல்லை! விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, மேன்முறையீட்டுக்கு முடிவு எண்டு ஒண்டும் இல்லை. வலயத்துக்குப் போனால், “நீங்கள் தானே கேட்டனீங்கள்” எண்டு கடிதத்தைக் காட்டுவினம்.

அந்த அறையில செய்யவேண்டியது ஒண்டுதான்: அண்டைக்கு எதிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. “வீட்டில கதைச்சுப் போட்டு எழுத்தில பதில் தாறம்” எண்டு எழும்புங்கோ. வைச்சே ஆகவேணும் எண்டு வந்தால், ஒப்பத்துக்கு மேல ‘பாடசாலை கேட்டுக்கொண்டபடி, எனது விருப்பத்துக்கு மாறாக’ எண்டு எழுதி, திகதி போட்டு, போனில படம் எடுங்கோ. அண்டு பின்னேரமே நடந்ததை அதிபருக்குப் பதிவுத் தபாலில எழுதி, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கோ. பற்றுச்சீட்டைத் தொலைக்காதேங்கோ.

தரம் 11 எண்டால் இன்னும் அவசரம். சாதாரண தர விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போறது; இடையில விடுகைப் பத்திரம் எடுத்தால் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவேண்டி வரும். உயர்தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தி எண்டால் 80 சதவீத வரவு வேணும். கணக்குக்கு 200 நாள் எண்டு வைச்சால், தவறவிடக்கூடியது 40 நாள். இரண்டு கிழமை இடைநிறுத்தம் 10 பள்ளி நாள், அதில கால்வாசி. இரண்டு முறை போன் பிடிபட்டால் பாதி போச்சு, டெங்குக் காய்ச்சலுக்கு மிச்சம் வைக்கவேணும்.

ஓலைப்பாய்:
சரி, பிழையான முடிவு வந்திட்டுது எண்டு வைப்பம். எங்க போறது? தகவல் அறியும் சட்டத்தில முதல்ல ஆவணத்தை எடுப்பமோ?

முற்றவெளி:
இல்லை! உதிலதான் ஆக்கள் கோட்டை விடுறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட உறுப்புரை 126 தாற காலம் ஒரு மாதம். தகவல் அறியும் சட்டத்தில (2016இன் 12ஆம் இலக்கம்) தாறதா மறுக்கிறதா எண்டு அறிவிக்கவே 14 வேலை நாள் இருக்கு. சனி, ஞாயிறு, போயா கழிச்சால் மூண்டு கிழமை. ஆவணம் கைக்கு வரேக்கை மாதம் முடிஞ்சிருக்கும்.

முதல் கிழமையிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில எழுத்து முறைப்பாடு. காசில்லை. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள்ள முறைப்பாடு செய்தால் அங்க விசாரணை நிலுவையில இருக்கிற காலத்தை அந்த ஒரு மாதத்தில சேர்க்காது. ஆனால் முறைப்பாடு குடுத்த சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில நடக்குது எண்டு காட்டவேணும். ஆகவே முறைப்பாட்டுக் கோப்பு இலக்கம், அழைப்புக் கடிதம், நீங்கள் எழுதின நினைவூட்டல் எல்லாம் கோர்த்து வையுங்கோ. தகவல் விண்ணப்பத்தை அதே நாள் சமாந்தரமாகப் போடுங்கோ: ஒழுக்காற்றுக் குழுக் கூட்டக்குறிப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில அந்தத் திகதிப் பக்கம், முடிவுக் கடிதம். ‘எல்லா ஆவணமும்’ எண்டு கேட்டால் ஒண்டும் வராது. திகதி போட்டுக் கேளுங்கோ.

இன்னொண்டு பலருக்குத் தெரியாது. மாகாணப் பாடசாலை எண்டால் முடிவை ரத்துச் செய்ய உறுதிகேள் எழுத்தாணைக்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், யாழ்ப்பாணத்திலேயே. தேசிய பாடசாலை எண்டால் கொழும்பு, மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆகவே முதல் கேள்வியே பாடசாலை மாகாணமா தேசியமா எண்டது. வருமானம் குறைஞ்ச ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ். கிளையைக் கேட்கலாம்.

செம்பாட்டுமண்:
வழக்குக்கு முன்னால பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறா. பாதியை அவவே அதிபரோட கதைச்சு முடிப்பா. கொடுமை, அடி எண்டால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929, 24 மணித்தியாலமும்.

பனங்காய்:
நான் முழுக்க மாறேல்லை. ஆனால் ஒரு கேள்வி. உங்கட முறைப்படி ஒரு இடைநிறுத்தம் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும்? வகுப்பில 40 பிள்ளையோட நிக்கிற ரீச்சருக்கு இதெல்லாம் செய்ய நேரம் எங்க?

கறுத்தக்கொழும்பான்:
அரை மணித்தியாலம். அமெரிக்க உயர் நீதிமன்றம் 1975இலேயே 10 நாள் வரையான இடைநிறுத்தத்துக்குக்கூடக் கேட்டது இவ்வளவுதான்: என்ன குற்றம் எண்டு பிள்ளைக்குச் சொல்லு; மறுத்தால் என்ன ஆதாரம் எண்டு சொல்லு; தன்ர பக்கத்தைச் சொல்ல விடு. வக்கீலும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. இஞ்ச அதை ஒரு தாளில செய்யலாம்: மேல குற்றச்சாட்டு இரண்டு வரி, நடுவில பிள்ளை தன்ர கையால எழுதுற விளக்கம், கீழ குழுவின் முடிவும் காரணமும். பிள்ளை எழுதேக்கை ஆசிரியர் சொல்லிக்குடுத்து ‘இனிச் செய்யமாட்டேன்’ எண்டு எழுதுவிக்கிறதுதான் வழமை. அது விளக்கம் இல்லை, மன்னிப்புக் கடிதம். இரண்டையும் ஒரே தாளில வாங்காதேங்கோ.

முறைப்பாடு செய்த ஆசிரியர் குழுவில இருக்கக்கூடாது. இதையும் எழுதுங்கோ, சின்னப் பாடசாலையில அவரே ஒழுக்காற்று ஆசிரியராகவும் இருப்பார்.

வடலி:
(ஆ), (இ) இரண்டையும் இப்பிடி மாத்தியிருக்கிறன், பாருங்கோ:

‘போதைப்பொருள் எனச் சந்தேகிக்கப்படும் பொருள் அல்லது சண்டை தொடர்பான ஒவ்வொரு சம்பவமும் அன்றே சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியப்படும். பெற்றோருக்கு உடனடியாக அறிவிக்கப்படும். மாணவரின் எழுத்து விளக்கம் பெறப்பட்ட பின் குழு முடிவெடுக்கும். மாணவரின் வயது, பங்கு, முன்னைய பதிவு, வைத்தியக் குறிப்பு என்பன கருத்திற் கொள்ளப்படும். இடைநிறுத்தக் காலத்தில் பாடக் குறிப்புகள் வழங்கப்படும். ஏழு நாட்களுக்குள் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு மேன்முறையிடலாம்.’

(ஈ) முழுக்க வெட்டியாச்சு.

கறுத்தக்கொழும்பான்:
நல்லாயிருக்கு. இரண்டு திருத்தம். ‘உடனடியாக’ எண்டால் ஆளுக்கு ஒரு அர்த்தம். ‘அன்று பாடசாலை விடுவதற்கு முன்’ எண்டு போடுங்கோ. ஏழு நாள் எப்ப இருந்து? முடிவுக் கடிதம் பெற்றோரின் கைக்குக் கிடைச்ச நாளில இருந்து. கடிதத்தைப் பிள்ளையிட்டக் குடுத்துவிட்டால் அது கொப்பிக்குள்ள மடிஞ்சு கிடக்கும்.